ஆரார் மாஸ்டரும் 'எல்லாரும்' என்ற சொல்லும்

கொட்டாஞ்சேனையில் 'எல்லாரும்' என்ற சொல்லை நிம்மதியாக வாழவிடாத ஒரே மனிதர் அவர்தான். மீன்காரன், "எல்லாரும் இதத்தான் ஐயா வாங்கினாங்க" என்றால், "ஆர் ஆர்?" என்பார். பெயர்கள் வரும்வரை நகரமாட்டார். அதற்குள் மீன் நாறத் தொடங்கிவிடும். டியூசன் வாத்தியாருக்கு 'ஆரார் மாஸ்டர்' என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது.

ஒருமுறை பம்பலப்பிட்டிக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய், 'பெருங்கதையாடல்' என்ற சொல்லோடு திரும்பினார். சிலர் டெங்குவோடு திரும்புவதுபோல.

"எல்லாருக்கும் ஒரே கதை எண்டு சொல்லுறவன், ஆரையோ வெளியில விட்டிட்டுத்தான் சொல்லுறான் காணும். கட்சியும் அப்பிடித்தான், அரசாங்கமும் அப்பிடித்தான், உம்மட கோயிலும் அப்பிடித்தான்" என்று என்னிடம் சொன்னார்.

"பிறகேன் ஞாயிறு தவறாமல் வாறீர்?"

"கேக்க ஒரு ஆள் வேண்டாமே?"

கேட்டார். பிரசங்கத்தில் ஃபாதர், "இயேசு எல்லாருக்குமாக மரித்தார்" என்றதும் கடைசி வரிசை வாங்கிலிருந்து குரல் வந்தது: "ஆர் ஆர், ஃபாதர்?" பாடகர் குழுவில் ஒருத்தி சிரிப்பை இருமலாக மாற்றினாள்.

யுத்தத்தின் கடைசிக் காலத்தில், அவருடைய ஒரே மகன் நிரோஷனைப் புறக்கோட்டையில் வைத்து வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அரசாங்க உத்தியோகம் பார்த்தவன், நடைமுறை தெரிந்தவன் என்று, அவனைத் தேடிக் கந்தோர் கந்தோராக நானும் கூடப் போனேன். ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டும் நடைமுறை மட்டும் ஒழுங்காக நடந்தது. யுத்தம் முடிந்தபோது, நாட்டில் எல்லாரும் மகிழ்ச்சியாக இருப்பதாகத் தொலைக்காட்சி சொன்னது. மாஸ்டர் 'ஆர் ஆர்' என்று கேட்கவில்லை.

அந்த நவம்பரில், இறந்தவர்களுக்காக மன்றாடும் ஆன்மாக்களின் மாதத்தில், கோயில் கந்தோருக்கு வந்தார். ஓய்வுபெற்ற பின் அங்கே யார் யாருக்காகப் பூசை என்ற கருத்துகளைப் பதிவது என் வேலை.

"நிரோஷனுக்கு ஒரு பூசை."

"இறந்தவர் எண்டோ, உயிரோட இருக்கிறவர் எண்டோ?" நடைமுறையில் இரண்டு பிரிவுகள்தான்.

"நீர் சொல்லும்."

உள்ளே இருந்த ஃபாதர் எழுந்து வந்தார். "பேரை மட்டும் எழுதுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, "இயேசு எல்லாருக்குமாக மரித்தார்" என்று சொல்லிவிட்டு ஃபாதர் நிறுத்தினார். கடைசி வாங்கைப் பார்த்தார். "நிரோஷனுக்காகவும்" என்றார்.

மாஸ்டர் மெல்ல எழுந்து நின்றார்.

"ஒரு பேர் சரி, ஃபாதர். மிச்ச ஆக்கள்?"

இந்த முறை ஒருவரும் இருமவில்லை.

நிரோஷன் வரவேயில்லை. மாஸ்டர் போன வருடம் காலமானார். அவருடைய ஞானஸ்நானப் பெயர் சந்தியாப்பிள்ளை. கந்தோர்களைத் தவிர வேறெங்கும் அது பயன்படவில்லை. இப்போது கடைசி வாங்கில் நான் இருக்கிறேன். ஃபாதர் "எல்லாருக்குமாக" என்றதும் தகப்பன், மகன் இரண்டு பேரின் பெயர்களையும் வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். சொல்லாவிட்டால், அவர் கேட்பார்.