ஹாலில் அசைவு

இந்தச் சனிக்கிழமை மச்சான் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போவதில்லை என்று திரோ தீர்மானித்துவிட்டான். வானம் இடிந்து விழட்டும், போவதில்லை. மூன்றரை மணிக்கு சொவேட்டோவின் இரண்டு பெரிய கால்பந்து அணிகளும் மோதுகின்றன. அதை விட்டுவிட்டு பிரிட்டோரியாவிலிருந்து ரஸ்டன்பர்க் வரை காரோட்டிப் போய், மனைவி மசேகோவின் அண்ணன் மொதூசியுடைய மாடுகளைப் பார்க்க வேண்டுமாம்.

பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு மாட்டுக்கும் கொள்ளுத்தாத்தா வரை வரலாறு கேட்க வேண்டும். அதற்கு முன்னால் சாப்பாட்டு மேஜையில் ஜெபம். மொதூசி ஆமென் சொல்லி முடிப்பதற்குள் தட்டிலுள்ள பாப் களி இறுகிவிடும். அடுக்கிச் சுவர் எழுப்பலாம். அங்கே டிவியும் கிடையாது. போன மாதம்தான் அதை விற்று ஒரு கன்றுக்குட்டி வாங்கினார்.

'வர மாட்டேன்' என்று மசேகோவிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவன் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அதற்கெல்லாம் ஒரு பழக்கம் வேண்டும். ஆகவே தனக்குப் பதிலாக வீட்டு அலாரத்தைச் சொல்ல வைப்பது என்று முடிவு செய்தான்.

அந்தத் தெருவில் அலாரம் இல்லாத வீடு நாய்க்கூண்டு மட்டும்தான். பூட்டிய வீட்டில் ஏதாவது அசைந்தால் அலாரம் கம்பெனியின் கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வரும். துப்பாக்கிக் காவலர்கள் பறந்து வருவார்கள். ஆனால் வீட்டை வெளியே சுற்றிப் பார்ப்பதோடு சரி. உள்ளே போக, சாவி வைத்திருப்பவர் வந்து திறந்தாக வேண்டும். சாவி திரோவின் பையில் இருந்தது.

மகள் லெராட்டோவின் பட்டமளிப்பு விருந்தில் மிஞ்சிய கேஸ் பலூன் ஒன்றை எடுத்தான். ரிப்பனை நாற்காலியில் கட்டினான். மேஜை விசிறியை அதன் பக்கம் திருப்பி, வெந்நீர் கெய்சரின் டைமரை விசிறிக்கு மாட்டினான். இவர்கள் கிளம்பிப் பாதி வழி போனதும் விசிறி சுற்றும், பலூன் ஆடும், அலாரம் அலறும். இவ்வளவும் நடக்கும்வரை மசேகோ குளியலறையில் போனோடு இருந்தாள். நல்லவேளை என்று நினைத்துக்கொண்டான்.

பிரிட்ஸ் ஊரைத் தாண்டியும் போன் வரவில்லை. திரோ வேகத்தைக் குறைத்தான்.

"ஏன் லெராட்டோ அப்பா, இப்படி ஊர்றீங்க? நமக்குப் பின்னாடி வந்த டிராக்டர் முன்னாடி போயிடுச்சு."

"ரோடு சரியில்லை."

"ரோடு நல்லாத்தான் இருக்கு. உங்க முகம்தான் சரியில்லை."

போன் அடித்தது. திரோவுக்கு அந்த மணி கோயில் மணியாகக் கேட்டது.

"ஐயா, உங்க வீட்டு ஹால்ல அசைவு தெரியுது. கடவுச்சொல் சொல்லுங்க."

"மொதூசி," என்றான். கடவுச்சொல்லை வைத்தவள் மசேகோ. தன் அண்ணன் பெயரைக் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்பது அவள் நம்பிக்கை.

"ஆள் அனுப்பறோம் ஐயா. யாராவது வந்து கதவைத் திறக்கணும்."

திரோ முகத்தை மிகவும் சிரமப்பட்டுச் சோகமாக வைத்துக்கொண்டான். "மசேகோ, வீட்டுல திருடன் போலிருக்கே! திரும்பணுமே. உங்க அண்ணன் காத்துட்டு இருப்பாரே, பாவம்!"

"என்ன செய்யறது? திருப்புங்க."

இவ்வளவுதானா? ஒரு கேள்விகூட இல்லை. அவன் வண்டியைத் திருப்பிய வேகத்தில் டிராக்டர்காரர் நடுங்கிப் போனார். மசேகோ அண்ணனுக்குப் போன் போட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கிசுகிசுவென்று பேசினாள்; திரோவின் காதில் விழுந்தது மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்தான். திரோவின் நெஞ்சிலிருந்து ஒரு மாட்டு மந்தையே இறங்கிப் போனது. இன்னும் ஒரே ஒரு வேலை: அவள் பார்ப்பதற்கு முன்னால் பலூனை ஒழித்துவிட வேண்டும்.

வீட்டு வாசலில் காவல் வண்டி நின்றது. அதன் பக்கத்தில், சுவரோரமாக, மசேகோவின் சர்ச் பாடகர் குழுப் பெண்கள் கைகளைத் தூக்கியபடி வரிசையாக நின்றார்கள். எல்லார் மேலும் எதிரணியின் கறுப்பு வெள்ளைச் சட்டை. திரோவின் அணியோ மஞ்சள்.

காவலர் ஓடி வந்தார். "ஐயா, திருடனைக் காணோம். இந்தக் கும்பல்தான் கேட்டை உலுக்கிட்டு இருந்தது. சோதனை போட்டோம். ரெண்டு சட்டி குடல் குழம்பு, ஒரு பெரிய கரண்டி."

"கையைக் கீழ விடச் சொல்லு தம்பி, குழம்பு ஆறுது!" என்று ஒரு பெண் கத்தினாள்.

திரோவுக்கு உற்சாகம் பிறந்தது. முதன்முறையாகக் கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தான். "மசேகோ! நாம ஊர்லயே இல்லாத நேரத்துல இவங்க எதுக்கு இங்க வந்தாங்க?"

"ஆட்டம் பார்க்க. நான்தான் வரச் சொன்னேன்."

"எப்போ?"

"நீங்க பலூனுக்கு இடம் பார்த்துட்டு இருந்தீங்களே, அப்போ. குளியலறைக் கதவு இடுக்குல நல்லாத் தெரிஞ்சது. மத்தியானம் கண்டிப்பா வீட்டுலதான் இருப்போம்னு சொல்லிட்டேன்."

திரோ சாவியை நீட்டினான். வேறென்ன செய்ய?

"எங்க அண்ணன்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு மட்டும் வாய் வருமா? மாட்டைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்துப் போச்சு," என்றாள் அவள், கதவைத் திறந்தபடி. கோபமே இல்லை. திட்டு இல்லை, அழுகை இல்லை. ஆட்டமும் தப்பவில்லை. திரோவுக்கு உயிர் வந்தது. சோபாவில் இடம் கிடைக்காததைக்கூட அவன் பொருட்படுத்தவில்லை. சமையலறை ஸ்டூலைக் கொண்டுவந்து கறுப்பு வெள்ளைக் கூட்டத்துக்குப் பின்னால் போட்டு நிம்மதியாக உட்கார்ந்தான்.

"அண்ணன் கோவிச்சுக்கலையே?" என்று கேட்டான்.

"சேச்சே," என்றாள் மசேகோ, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாட்டுக்கெல்லாம் உண்ணி மருந்து போடணுமாம், அடுத்த சனி ஞாயிறு நீங்க மட்டும் போய்த் தங்கறீங்கன்னு சொன்னதும் சமாதானமாயிட்டார். அன்னைக்கு ஆட்டம் எதுவும் இல்லை, பார்த்துட்டுத்தான் சொன்னேன்."