மேலத்தெருப் புகார்

இருபடிச் சமன்பாடு ஆட்டோவில் ஏறிப் போலகம் கிராமத்தின் தெருக்களைச் சுற்ற ஆரம்பித்த நான்காம் நாளே முதல் புகார் வந்துவிட்டது.

"மேலத்தெருவுலேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க சார்," என்றார் தலைமையாசிரியை அன்னபூரணி. "பதினோரு மணிக்கு வண்டி வர்றது சரிப்படலையாம்."

"ஏனாம் மேடம்?" என்று கேட்டார் கணக்கு வாத்தியார் சிவநாதன்.

"ஏன்னெல்லாம் நான் கேக்கல. புகார முழுசாக் கேக்கவே கூடாது சார். கேக்கக் கேக்க வளரும். பாதியிலேயே சரின்னு சொல்லிடணும். பதினெட்டு வருசமா இப்படித்தான் ஸ்கூல ஓட்டுறேன். இதுவரைக்கும் ஒரு புகாராவது மேலிடத்துக்குப் போயிருக்கா?"

போகவில்லைதான். 'சரிம்மா, பண்ணிடறோம்மா' என்று சொல்லியே எப்பேர்ப்பட்ட பெற்றோரையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிற கெட்டிக்காரத்தனம் அன்னபூரணிக்கு உண்டு. போனவர்கள் தெருமுனை தாண்டிய பிறகுதான், தாங்கள் வந்த விஷயத்தை இன்னும் சொல்லவே இல்லை என்பதை உணர்வார்கள்.

கொரோனாவின் இரண்டாவது அலை ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த ஆடி மாதம் அது. ஆசிரியர்கள் பள்ளிக்கு வரலாம், பிள்ளைகள் வரக் கூடாது. பத்தாம் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். ஆன்லைன் வகுப்பில் தலைகாட்டியது ஒன்பது பேர். அதிலும் நாலு பேர் "சார், நான் பேசறது கேக்குதா?" என்று கேட்பதோடு சரி. மற்ற வீடுகளில் இருப்பது ஒரே ஒரு போன். அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குக் கிளம்பிவிடும்.

சிவநாதன் வைகாசியில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்து பிழைத்தவர். காரைக்கால் தலத்தெருவில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பி, மூச்சு வாங்காமல் முதல் முழு வாக்கியத்தைப் பேசி முடித்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வாக்கியம் "காபியில சக்கரை கம்மி" என்பதுதான். மனைவியும் கூடச் சேர்ந்து அழுதுவிட்டு, சர்க்கரை மட்டும் போடவில்லை. திரும்பிக் கிடைத்த மூச்சை வீணாக்கக் கூடாது, இந்த முப்பத்திரண்டு பேருக்கும் எப்படியாவது பாடம் போய்ச் சேர வேண்டும் என்று அன்றைக்கே அவர் தீர்மானித்தார்.

ஆட்டோ வந்தது அப்படித்தான். சஃபியுல்லா பாய் தன் ஆட்டோவின் தலையில் குழாய் கட்டி, ஜவுளிக்கடை, மருத்துவ முகாம், அரசியல் கூட்டம் என்று ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்கிறவர். சிவநாதன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கக்கூட இல்லை.

"எம் மவ ஜஸீலாவுக்குக் கணக்கு வரவச்சது நீங்க சார். இன்னிக்கு அது நர்ஸா நிக்கிது. நீங்க பேசிப் பென் டிரைவுல குடுங்க. தெருத்தெருவா நான் கொண்டுபோயிக் கொட்டிட்டு வந்துடுறேன். வண்டியும் சும்மாதான் கெடக்குது."

கொட்டினார். ஒவ்வொரு தெருமுனையிலும் பத்து நிமிடம் வண்டி நிற்கும். பிள்ளைகள் அவரவர் வாசலில் நோட்டோடு உட்கார்ந்து எழுதுவார்கள். பாடம் ஓடும்போது வீடுகளில் மிக்ஸியை நிறுத்தினார்கள். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் சண்டைக்கு வருகிற சுப்பையன்கூடத் தானாகவே டிவியை அணைத்தார். யாரோ ஒருத்தர் தினமும் பாய்க்கு ஒரு செம்பு மோர் கொடுத்தார்கள். முதல் நாள் கூடவே போய்ப் பார்த்த சிவநாதன், முகக்கவசம் நனைந்துபோய் வீடு திரும்பினார். இந்த ஊருக்கு நான் என்ன செய்துவிட்டேன், இவ்வளவு செய்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனார்.

அந்த நெகிழ்ச்சி அடங்குவதற்குள் மேலத்தெரு அம்மா போன் செய்துவிட்டார்.

நேரத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றினார்கள். அது போலகம் சாப்பிட்டுவிட்டுச் சாய்கிற நேரம். 'காரணிப்படுத்தித் தீர்க்க' என்று சிவநாதனின் குரல் கேட்டதும் பாதிப் பிள்ளைகள் நோட்டின் மேலேயே தூங்கினார்கள். வகுப்பறையிலும் அந்த நேரத்தில் அப்படித்தான் என்பதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் போன். இந்த முறை சிவநாதன் தலைமையாசிரியைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்கம்மா... சத்தமா?... சரிம்மா, புரிஞ்சுபோச்சும்மா, கொறைச்சுடறோம்மா." அன்னபூரணி போனை வைத்தார். மறுமுனையில் இன்னும் பேசிக்கொண்டிருந்த மாதிரிதான் சிவநாதனுக்குப் பட்டது.

"அவங்க முடிக்கலையே மேடம்."

"நான் முடிச்சுட்டேனே சார். வால்யூமப் பாதியாக் கொறைங்க."

குறைத்தார்கள். வாசலில் உட்கார்ந்தால் கேட்கவில்லை என்று பிள்ளைகள் எழுந்து வந்து ஆட்டோவைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். அந்த வழியாக வந்த சுகாதாரத் துறைப் பெண் ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு, பாயைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார்.

"கொரோனாவுக்கு எச்சரிக்கை சொன்ன வண்டி சார் இது," என்று பாய் வருத்தப்பட்டார். "கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்லேர்ந்து குடுத்த கேசட்ட இதே கொழாயிலதான் போட்டேன். இப்ப நானே கூட்டம் சேக்குறேன்னு சொல்லிப்புட்டாங்க."

மறுநாள் சிவநாதன் சுண்ணாம்பு வாளியோடு போய்த் தெருமுனைகளில் ஒரு மீட்டர் இடைவெளியில் வட்டம் வட்டமாகப் போட்டார். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் வட்டத்துக்குள் நின்று எழுதிய பிள்ளைகளைப் பார்த்தபோது, குனிவதற்கு உடம்பு இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பிறகு அவருக்கு எதற்கெடுத்தாலும் சந்தோஷப்படுகிற வியாதி ஒன்று வந்திருந்தது.

மூன்றாவது போன் வந்தபோது அந்த வியாதியும் கொஞ்சம் குறைந்தது.

"மேலத்தெருவுல வண்டி நிக்கிறதப் பத்தி ஏதோ ஆரம்பிச்சாங்க," என்றார் அன்னபூரணி. "இனிமே நிக்கவே நிக்காதும்மான்னு சொல்லிட்டேன். அந்தத் தெருவ விட்டுடுங்க."

"ஏழு புள்ளைங்க இருக்காங்களே மேடம் அங்க."

"கீழத்தெருவுக்கு வரச் சொல்லுங்க சார். ரெண்டு கால் இருக்குல்ல."

வந்தார்கள். கீழத்தெருவில் வட்டம் போதவில்லை. கூட்டத்தைப் பிரிப்பதற்காக அங்கே மட்டும் இரண்டு நடை பாடம் போடுவதென்று ஏற்பாடு. முதல் நடை முடிந்ததும் பென் டிரைவில் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். பாய் மோர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அது முதலுக்குப் போகாமல் அடுத்ததுக்குப் போய்விட்டது. இதன் பலன் இரண்டு நாள் கழித்து, திருத்துவதற்காக நோட்டுகள் சாக்குப்பையில் வந்தபோதுதான் தெரிந்தது. ஏழு நோட்டுகளில் அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது:

'ஆகவே x = 5. ஆடித் தள்ளுபடி. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.'

சிவநாதன் அடிப்பதற்குச் சிவப்புப் பேனாவை எடுத்தார். பிறகு யோசித்தார். இருபடிச் சமன்பாட்டில் ஒரு விடை கிடைத்தால் இன்னொன்றும் கூடவே வரத்தான் செய்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் இது முழுத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆளுக்கு அரை மதிப்பெண் போட்டார்.

சிரித்துக்கொண்டே மறுநாள் பள்ளிக்குப் போனவரை அன்னபூரணி வாசலிலேயே நிறுத்தினார். அவர் முகம் வெளிறியிருந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் முறையாகப் புகார் மேலிடத்துக்குப் போய்விட்டது.

"மனு குடுத்திருக்காங்க சார். ராசாத்தி, மேலத்தெரு. 'ஆட்டோ வகுப்புப் பற்றி மூன்று முறை சொல்லியும் பயனில்லை, நேரில் சொல்ல அனுமதி வேண்டும்.' ஒரே வரிதான். விசாரண முடியிற வரைக்கும் வண்டி ஓடக் கூடாதுன்னு கல்வித் துறையிலேர்ந்து ஆர்டர்."

விசாரணைக்கு நாலு நாள் இருந்தது. அதுவரை சிவநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், இடமாற்றம் போட்டாலும் மூட்டை கட்டலாம். ஆனால் ஆட்டோ நின்றுவிட்டால் பாடம் மறுபடி அந்த ஒன்பது போனுக்குள் போய் அடங்கிவிடும். மற்ற இருபத்து மூன்று பேர் அதோடு கணக்கை மறந்துவிடுவார்கள். திரும்பப் பிடித்து உட்கார வைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். சில பையன்கள் ஏற்கெனவே நாள் கூலிக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள்.

"அந்தம்மா கால்ல விழுந்தாவது கேட்டுடுறேன் பாய்," என்றார்.

"எதுக்கு சார் கால்ல எல்லாம். நல்லவங்களாத்தான் இருப்பாங்க. கொழாச் சத்தம் நமக்குப் பழகிப்போச்சு, அவங்களுக்குத் தல வலிச்சிருக்கும். மன்னிப்புக் கேட்டுக்குவோம். இன்ஷா அல்லா, வழி பொறக்கும்."

விசாரணை நாளில் காரைக்காலிலிருந்து கல்வித் துறை அதிகாரி மெஹர் பானு வந்தார். கொஞ்ச நேரத்தில் ராசாத்தியும் வந்தார். நாற்பது வயதிருக்கும். நடவு வயலிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், கணுக்காலில் சேறு காய்ந்து வெள்ளையாக இருந்தது. கையில் ஒரு ஒயர் கூடை. முகத்தில் கோபமும் கூச்சமும் பாதிப் பாதி.

"சொல்லுங்கம்மா. உங்க குறை என்ன?" என்றார் மெஹர் பானு.

ராசாத்தி வாயைத் திறப்பதற்குள் அன்னபூரணி எழுந்துவிட்டார். "தப்பு எங்க மேலதான் மேடம். அவங்க ஒண்ணும் சொல்லவே வேண்டாம். மன்னிச்சுக்கம்மா. மேலத்தெருவுக்கு மட்டுமில்ல, இனிமே போலகத்துக்கே அந்த வண்டி வராது. போதுமா?"

மெஹர் பானு பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். சிவநாதன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எழுந்து கையைக் கூப்பினார்.

"அம்மா, எனக்காக ஒரு உதவி பண்ணுங்க. மத்த தெருவுக்காவது வண்டி போகட்டும். உங்க வீட்டுப் பக்கமே வராது. நான் செத்துப் பொழச்சவன். பேசறதுக்கு மூச்சு இருக்கிற வரைக்கும் புள்ளைங்களுக்கு நாலு கணக்கச் சொல்லிக் குடுத்துடணும்னு நெனைக்கிறேன். வேற ஒண்ணுமில்ல."

ராசாத்தி அவரையே பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒயர் கூடைக்குள் கையை விட்டு, நீள நோட்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

சிவநாதன் பிரித்துப் பார்த்தார். அவருடைய கணக்குகள்தான். தேதி போட்டு, ஓரத்தில் கோடு கிழித்து, ஒவ்வொரு படியும் வரிசையாக எழுதப்பட்டிருந்தது. சில இடங்களில் பாதி வரி மட்டும் எழுதி, மிச்சத்துக்கு இடம் விட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு நடுவிலேயே நின்றிருந்தது. தன்னுடைய முப்பத்திரண்டு பேரின் கையெழுத்தும் அவருக்கு அத்துப்படி. இது அவர்களில் யாருடையதும் இல்லை. வாத்தியார் வேலைக்கு வந்து இத்தனை வருடத்தில், இவ்வளவு அக்கறையாகத் தன் பாடத்தை எழுதி வைத்த ஒரு நோட்டை அவர் பார்த்ததில்லை.

"யாரும்மா இது? உங்க பையனா, பொண்ணா?"

"நான்தான் சார், செப்டம்பர்ல தனியாப் பத்தாவது பரீட்சை எழுதுறேன்," என்றார் ராசாத்தி. "பதினோரு மணிக்கு நடவுல நிப்பேன் சாயங்காலமா வாங்கன்னும், கொழாச் சத்தம் பத்தல இன்னும் கொஞ்சம் கூட்டுங்கன்னும், பத்து நிமிசத்துல எழுதி முடியல கூட நேரம் நில்லுங்கன்னும் சொல்றதுக்கு மூணு தடவ போன் பண்ணேன், ஒரு தடவையாவது இந்த டீச்சரம்மா என்ன முழுசாப் பேச விட்டாங்களான்னு கேளுங்க."