இரைப்பையில் ஒரு திருகாணி

"ஹெலிகோபாக்டர் பைலோரி: உள்ளது." கள்ளக்குறிச்சியில் ஓர் ஆய்வகம் எனக்குக் கொடுத்த தாள் இப்படிச் சொல்கிறது. வாங்கிய தேதியையும் நேரத்தையும் பின்புறம் குறித்து இன்றும் வைத்திருக்கிறேன். (என் கல்யாணப் பத்திரிகை எங்கே என்று கேட்காதீர்கள்.)

சுருள் வடிவக் கிருமி. வயிற்றுவலி கொடுத்ததற்கு அதன்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். ஒரு வாரம் படித்ததில் மரியாதைதான் வந்தது. அந்த மரியாதையோடு, ஞாயிறு காலை பத்து நாற்பதுக்கு, மணலூர்பேட்டையில் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்கா மகள் செல்வியைப் பெண் பார்க்க எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்திருந்தார்கள். அக்கா மூன்று வருடம் தேடி அமைந்த இடம். தாய்மாமன் நான்தான் பேச்சுத்துணை.

"காபி எடுத்துக்கலீங்களா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"வயித்துல கிருமிங்க" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தட்டிலிருந்த கைமுறுக்கில் ஒரு துண்டை ஒடித்து உயர்த்திப் பிடித்தேன். "இந்த மாதிரி முறுக்கிக்கினு இருக்கும். எலிக்காய்ச்சல் கிருமியும் சுருள்தான், ஆனா அது உடம்பையே நெளிக்கும். இது வெறைப்பா நின்னு, வால சுத்தி, திருகாணி மாதிரி சளிய தொளைச்சிக்கினு போவும். மத்த கிருமிங்க வயித்து அமிலத்துல செத்துடும். இது தன்னைச் சுத்தி அமோனியா பண்ணி அமிலத்தையே அடக்கிடும். இன்னா மூளைங்க அதுக்கு."

அவர் கையிலிருந்த முறுக்கை மெல்லத் தட்டில் வைத்தார்.

"இது எப்டிங்க வருது?"

"ஜாஸ்தி சின்ன வயசுலயே, வூட்டு ஆளுங்ககிட்டருந்துதான். பெத்தவங்க, கூடப் பொறந்தவங்க." (துல்லியம் என் பலவீனம்.)

எல்லோரும் என் கூடப் பிறந்தவளைப் பார்த்தார்கள். பிறகு அவள் மகளை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எந்தக் கிருமியும் பிழைத்திருக்காது.

"அப்ப பொண்ணுக்கும்..." என்று இழுத்தபடி மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார்.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "மாத்திரை போட்டா வாயெல்லாம் இரும்ப நக்குன மாதிரி இருக்குதுங்களா?"

"ஆமாங்க. உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"போன மாசம்தான் முடிச்சேன். வூட்ல சொல்லல."

அவருடைய அம்மா மறுபடியும் உட்கார்ந்தார்.

"நானும் டெஸ்ட் எடுத்துக்கறேங்க. இருந்தா பதினாலு நாள் மாத்திரைதான, மாமா?" என்றாள் செல்வி, கதவருகிலிருந்து. மாப்பிள்ளை சிரித்துவிட்டார்.

தை மாதம் கல்யாணம். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் பெண் பார்க்க வந்தாலும் எனக்குப் பேருந்து நிலையம் பக்கம் ஒரு வேலை வந்துவிடும். "பூ வாங்கிக்கினு வா தம்பி. அவசரமே இல்ல, மெதுவா வா" என்பாள் அக்கா.

செல்விக்குக் கிருமி இல்லை. எனக்கும் குணமாகிவிட்டது, இரண்டுக்கும் தாள் இருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு வந்ததா, என்னிடமிருந்து அக்காவுக்குப் போனதா, இரண்டுமே இல்லையா என்பது மட்டும் இதுவரை சரிபார்க்கப்படவில்லை. அக்கா பரிசோதனைக்கு வர மறுக்கிறாள்.