பேட்டரிக்கு ஜுரம் பார்ப்பவர்

மின்சார ஸ்கூட்டர் நிற்கும் தெருக்களில் ஒரு புது இனம் பெருகிவருகிறது: பேட்டரிக்கு ஜுரம் பார்ப்பவர். நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வண்டி சார்ஜில் நின்றால் காலடியில் ஒரு வாளி மணல், தோளில் ஈரச் சாக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சீட்டைத் தூக்கி, பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் புறங்கையால் பேட்டரியைத் தொட்டு, "லேசா கீது" என்பார். என்ன லேசாக? சொல்லமாட்டார்.

காலடிப்பேட்டை ஹென்றி இந்த இனத்தின் தலைமகன். காசிமேட்டில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடுகிறவர். பேட்டரியைத் தீயிலிருந்து காக்க ரசாயனம் வேண்டாம், மண்ணுக்குக் கேடில்லாத பொருளே போதும் என்று எங்கோ கேட்டதிலிருந்து, தேங்காய் நார், உமிச்சாம்பல், களிமண் என்று ஒவ்வொன்றையும் அடுப்பில் காட்டிச் சோதித்தார். சோதனையில் ஜன்னல் திரையும் அவருடைய லுங்கியும் எரிந்தன. பேட்டரி எரியவில்லை. வெற்றிதானே?

அவர் வீட்டு மின்சார ஸ்கூட்டரில்தான் மனைவி ஃப்ளோரன்ஸ் எண்ணூர் கன்டெய்னர் யார்டுக்கு இருபது கேரியர் சாப்பாடு கொண்டுபோகிறாள். இனி ஒரு நாள் பன்னிரண்டரையைத் தாண்டினாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று யார்டில் சொல்லிவிட்டார்கள். மறுநாளே வண்டி சிவப்பு விளக்கைச் சிமிட்டிவிட்டு நகர மறுத்தது.

சீட்டைத் தூக்கினாள். "இன்னாய்யா இது, பேட்டரியா, கருவாட்டு மூட்டையா?"

"நாரு, சாம்பலு, களிமண்ணு. எல்லாம் இயற்கை. நெருப்பு கிட்டயே வராது."

"நெருப்பும் வராது, வண்டியும் வராது!"

எதிர் ஷெட் மெக்கானிக் ரெஜி வந்து பிரித்துப் பார்த்தான். "மாமு, பெட்டில இருந்த ஓட்டைய பிசின் வெச்சு அடைச்சது யாரு?"

ஹென்றி நெஞ்சை நிமிர்த்தினார். ஓட்டையைக் கண்டும் அடைக்காமல் விட்ட படகுக்காரன் உண்டா? "தண்ணி பூந்துட்டா?"

"சூடானா ஆவி வெளிய போற வழி மாமு அது! மூக்க அடைச்சு, கம்பளியும் போத்திட்டு, ஜுரமான்னு வேற தொட்டுப் பாத்துகினு கீற! இது ஆற சாயங்காலம் ஆவும்."

மணி பதினொன்றரை. ஃப்ளோரன்ஸ் தெருமுனையில் நின்ற மூன்று சக்கர மீன்பாடி மிதிவண்டியில் கேரியர்களை அடுக்கி, நடுவில் தானும் ஏறி உட்கார்ந்தாள். தீப்பிடிக்கும் பயம் அறவே இல்லாத வண்டி.

"மிதி."

மிதித்தார். பன்னிரண்டரைக்கு ஒரு நிமிடம் இருக்கையில் யார்டு வாசல். மூச்சிரைக்க இறங்கியவர், பழக்கதோஷத்தில் ஒரு கேரியரைப் புறங்கையால் தொட்டார். முகம் வெளிறியது.

"ஃப்ளோரா, நல்லா சூடா கீது!"

"அது சாம்பாருய்யா."

சிரிக்காதீர்கள். இதைப் படிக்கிற நேரத்தில், சார்ஜில் கிடந்த உங்கள் போனை ஒருமுறை தொட்டுப் பார்த்தீர்களே. புறங்கையாலா?