லாரிய அனுப்பாதீங்க, மாப்பிள்ளை

கருப்பணார் துணை

ஏரிப்புதூர், புதுச்சத்திரம் வழி
ஐப்பசி, வெள்ளிக்கெழம

மகாராசனா இருக்கோணுமுங்க மாப்பிள்ளை சின்னுசாமி அவுங்களுக்கு, மாமன் வெள்ளியங்கிரி எழுதறது. இங்க நானு, உங்க அத்தை காளியாத்தா, மாடு கன்னு எல்லாம் சொகமுங்க. அங்க நீங்க, எம்புள்ள சௌந்திரம், பேரம்பேத்தி, உங்க லாரி எல்லாம் சொகமான்னு எழுதுங்க. நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கொடத்துல ஒதுங்குனதில்லீங்க, லாரிக்குப் பின்னால எழுதியிருக்கறதப் பாத்துப் பாத்தே எழுத்துக் கூட்டுனவன், பெழையிருந்தாத் தள்ளிப் படிங்க.

சேதி என்னன்னா, நம்மூரு ஏரிக்குள்ள ரோடு போடறதுக்கு மண்ணடிக்க உங்க லாரியப் பேசியிருக்காங்களாமா. திங்கக்கெழம வருதாமா. அனுப்பாதீங்க மாப்பிள்ளை. ரோடே வேண்டாம்னு ஆரும் சொல்லலீங்க, கரட்டுக் குன்னச் சுத்தி வரட்டும்கறோம். அவுங்க கரையில நிக்கற மரத்தையெல்லாம் சாச்சுப்போட்டு, ஏரி வவுத்துல மண்ணக் கொட்டி, நடுவால நேரா போவோணும்கறாங்க. தண்ணி வர்ற பள்ளம் ஒரு பக்கம், மதவு ஒரு பக்கம்னு ஆச்சுன்னா ஏரியில என்ன நிக்கும், கெணத்துல எங்கிருந்து ஊத்து வரும். உங்க கண்ணாலத்துக்கு வந்த ஒறம்பர பூரா நம்ம கெணத்துலதான குளிச்சாங்க. உங்க சித்தப்பா ஒருத்தரு மேல ஏறவே மாட்டேன்னு பந்தி முடியற வரைக்கும் நீந்திக்கிட்டே கெடந்தாரே, அவரு சொகமா இருக்காரா, கேட்டதாச் சொல்லுங்க. அந்தக் கெணறுதானுங்க வத்திப்போயிரும்.

மனுக் குடுத்தோம். ஊரே கைநாட்டு வெச்சோம், ஊருப் பெருவெரலெல்லாம் ரெண்டு நாளைக்கு நீலமா இருந்துச்சு. ஓவர்சியர் அருணகிரி வந்து பாத்துட்டு, "ரோட்டுக்கு நடுவுல உங்க ஏரி வருது, நான் என்ன பண்றது?"ன்னாரு. உங்க அத்தைக்குத்தான் வாயி தெரியுமே, "மொதல்ல வந்தது ஆருங்க சாமி?"ன்னு கேட்டா. அவரு சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. அப்பறம் கரையில போயி உக்காந்தோம், போலீசு வரும்னாங்க, வரல, எறும்புதான் வந்துச்சு.

இப்பிடியிருக்கையில புதங்கெழம மரம் வெட்டற ஆளுக வந்துட்டாங்க. தம்மம்பட்டிக்காரன், மேஸ்திரி தீர்த்தகிரின்னு பேரு, நல்ல மனுசன், ஆனா கையில கோடாலி. மொதல்ல நிக்கறது நம்ம கருப்பணார் வேல் நட்ட ஆலமரம். தீர்த்தகிரி வேலப் பாத்ததும் செருப்பக் கழட்டிப்போட்டான். "சாமி மரத்துல உத்தரவு கேக்காம நாங் கோடாலி வெக்க மாட்டேன். கெடாவுக்குத் தண்ணி தெளிங்க. ஒடம்பச் சிலுப்புச்சுன்னா உத்தரவு, மரத்த வெட்டுவேன், இல்லீன்னா தொடமாட்டேன்"னான். நாயந்தானுங்க. அவனுக்குக் கெடா ஏது? நாந்தான் முந்திக்கிட்டு எங் கருங்கெடாவத் தாரேன்னு சொன்னேன்.

உங்களுக்குந் தெரியும் அந்தக் கெடாவ. பக்கத்துக் காட்டுல ரிக்கு வண்டி கொடகொடன்னு போர் போட்டப்ப ஊருல இருந்த ஆடு மாடெல்லாங் கவுத்த அத்துக்கிட்டு ஓடுச்சு, இது மண்டையில சேறு வந்து உழுந்தும் அசபோட்டுக்கிட்டு நின்னுச்சு. அதுக்குத்தான் அதையப் புடிச்சேன்.

பூசாரி மஞ்சத் தண்ணியத் தெளிச்சாரு. ஊரே சுத்தி நிக்குது. கெடா காதுல ஒரு ஈ வந்து உக்காந்துச்சு பாருங்க. காதுதான் ஆடுச்சு. காது கணக்கில்லைன்னு பூசாரி சொல்லிட்டாரு. மறுக்காத் தெளிச்சாங்க, முதுகுல சொட்டுச் சொட்டா எறங்குது. ஒருத்தனுக்குத் தும்மல் வந்து பக்கத்துல நின்னவன் வாயப் பொத்திப்போட்டான். உங்க அத்தை எங் காதுகிட்ட வந்து சொல்றா, "வருசா வருசம் சிலுப்பு சாமி சிலுப்பு சாமின்னு கும்பிட்ட வாயி, இன்னைக்குச் சிலுப்பாத சாமின்னு கும்பிடுது. அவரு எதக் கேப்பாரு?" எனக்கு அப்பத்தான் வேர்த்துச்சுங்க. மரம் வெட்டற ஆளுகளோட வந்த ஓவர்சியரு, இதெல்லாஞ் சட்டத்துல இல்லீன்னு சொல்லிக்கிட்டே அவரும் கை கூப்பி நிக்கறாரு. பொழுதெறங்குச்சு. கெடா நின்னது நின்னபடி நின்னுச்சு.

தீர்த்தகிரி கோடாலியத் தோள்ல போட்டுக்கிட்டான். போறவன் சும்மா போவாம, "உத்தரவு இல்லீன்னு நாஞ் சொல்லல, இன்னும் வரலைங்கறேன். திங்கக்கெழம வரைக்கும் புதுச்சத்திரத்துல இருப்பேன். அதுக்குள்ள சிலுப்புச்சுன்னா வாரேன்"னு சொல்லி, அவன் ஆளு கந்தன்னு ஒருத்தன நம்மூட்டுல கெடாவுக்குக் காவல் வெச்சுட்டுப் போயிட்டான். திங்கக்கெழம தாண்டிட்டா, ஆளு வரலைன்னு மேல எழுதி ரோட்டக் கரட்டுப் பக்கம் திருப்பியுட்டுர்றேன்னு ஓவர்சியரு சொல்லியிருக்காரு.

அதனால இப்ப ஊருக்கே வேல கெடாவுக்கு ஈ ஓட்டறதுதானுங்க. நாங் கொடை புடிக்கறேன், உங்க அத்தை விசிறி புடிக்கறா, எனக்கு ஒரு நாளு விசிறியிருப்பாளா கேளுங்க. ரெண்டு வருசமா மழைக்கு ஏங்குன ஊரு, இப்ப கொல்லிமலப் பக்கம் மேகம் கறுத்தா, திங்கக்கெழம வரைக்கும் பொறுத்துக்க சாமின்னு கும்பிடுது. இதுல உங்க லாரி வேற வந்து ஆரன் அடிச்சா என்னத்துக்காவறது. உங்க ஆரனுக்குச் செத்தவனே எந்திரிச்சு உக்காருவான். அதனால கெஞ்சிக் கேக்கறேன், லாரிய அனுப்பாதீங்க.

சௌந்திரத்துக்கும் புள்ளைகளுக்கும் ஆசீர்வாதம். லாரிக்கு எலுமிச்சம்பழம் மாத்திக் கட்டுங்க. நல்லபடியாப் போயி நல்லபடியா வாங்க. காயிதத்தச் சவ்வரிசி லாரி டிரைவருகிட்டக் குடுத்துவுடறேன்.

இப்படிக்கு
உங்க மாமன் வெள்ளியங்கிரி

பின்குறிப்பு: மடிக்கறதுக்குள்ள மழ புடிச்சுக்கிச்சுங்க. பள்ளத்துல தண்ணி வருதுன்னு சத்தங் கேட்டு ஊரே ஏரிக்கு ஓடுச்சு, கந்தனும் மீனு புடிக்க மதவுக்கு ஓடிட்டான், நானுங் கொடையோட ஓடிட்டேன். ரோட்டுக்கு அளந்து ஓவர்சியரு அடிச்ச மொளக்குச்சியெல்லாம் தண்ணிக்குள்ள போயிருச்சு, பாக்கப் பாக்க வவுறு நெறஞ்சு போச்சு. திரும்பி வந்தா கெடா வாசல்ல நனஞ்சுக்கிட்டு நிக்குது. என்னையப் பாத்துச்சு. மூக்குல ஆரம்பிச்சு வாலு வரைக்கும் ஒரு சிலுப்பு, எம் மூஞ்சியெல்லாந் தண்ணி. பாத்தது நானும் உங்க அத்தையுந்தான். ஏரிய ரொப்புன சாமி அதே தண்ணியில ஏரிய மூடச் சொல்லுமா, கெடாவுக்குக் குளுரு, அம்புட்டுத்தான்கறா அவ. இருந்தாலும் மேல எழுதுனத அடிச்சுப்போடுங்க. லாரிய நாளைக்கே அனுப்புங்க. மண்ணு வேண்டாம், வெறும் வண்டி, தார்ப்பாயோட. கெடா கொஞ்ச நாளு உங்கூட்டுல ஒறம்பர இருக்கட்டும். கந்தன் கேட்டா மேய்ச்சலுக்குப் போயிருக்குதுன்னு சொல்லிக்கறோம். ஆரன் மட்டும் அடிக்க வேண்டாமுங்க, அது சிலுப்பப் பழகிக்கிச்சு.