ஒரு வீட்டுக்கு நூறு கிராம்

படித்தது ஒன்று, செய்வது ஒன்று என்று இருப்பவர்களை எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. படித்ததை ஒரு வரி விடாமல் செய்தவள் நான். அதற்காக ஏழு வருடமாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இதில் எங்கே இருக்கிறது நியாயம் என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தலாம் போல இருக்கிறது. (கத்தினால் அங்கேயும் எங்கள் தெருக்காரர் ஒருவர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.)

பிளஸ் டூவில் நான் படித்தது வேளாண்மைத் தொழிற்கல்விப் பிரிவு. அதில் 'இறைச்சிக்கான மாடு வளர்ப்பு' என்று ஒரு பாடம் உண்டு. அந்தத் தலைப்பை மட்டும் எங்கள் சார் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் படிப்பார். பிறகு தீவனம், எடை, பராமரிப்பு எல்லாவற்றையும் சத்தமாகவே நடத்துவார். அந்தப் பாடத்துக்கு ஒரு புராஜெக்ட். ஒரு காளைக்கன்றைத் தொண்ணூறு நாள் அளந்து தீனி போட்டு வளர்க்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை டேப் வைத்து மார்புச் சுற்றளவும் நீளமும் எடுத்து, கணக்குப் போட்டு எடையை நோட்டில் எழுத வேண்டும். பொங்கல் லீவு முடிந்ததும் வேறு பள்ளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து கன்றையும் நோட்டையும் பார்ப்பார்.

எங்கள் வீட்டில் ஒரு கறுப்புக் காளைக்கன்று இருந்தது. தை முடிந்ததும் சந்தைக்குப் போக வேண்டியது. அதைப் புராஜெக்ட்டுக்குத் தரச்சொல்லி நைனாவிடம் கேட்டேன். (அப்பாவை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்.)

"எடுத்துக்க. பாஸானா டிப்ளமோவுக்கு அனுப்பறேன். கன்னுக்குட்டிக்கு எதனா ஆச்சின்னு வெய்யி, டிப்ளமோவும் கெடையாது ஒண்ணும் கெடையாது. காஞ்சிபுரத்துல பொடவக் கடையில வேலைக்குச் சேத்து வுட்டுடுவேன்" என்றார் நைனா.

எனக்கு வேளாண்மை டிப்ளமோ என்றால் உயிர். அன்றே வேலையைத் தொடங்கினேன். அம்மா கன்றுக்கு ராசு என்று பெயர் வைத்திருந்தாள். நான் நோட்டில் 'விலங்கு எண் 1' என்று எழுதினேன். (எண் 2 கிடையாது.) வைக்கோலை நிறுத்தேன், புல்லை நிறுத்தேன், தவிட்டையும் பிண்ணாக்கையும் நிறுத்தேன். அம்மாவின் சமையல்கட்டுத் தராசு முழுநேரமும் மாட்டுக்கொட்டகையில்தான் இருந்தது. பாடத்தில் கால்நடைகளின் ஐந்து சுதந்திரங்கள் என்று ஒரு பகுதி வரும். பசியில்லாமல் இருப்பது, பயமில்லாமல் இருப்பது, இயல்பாக நடமாடுவது, இப்படி. எங்கள் வீட்டில் எனக்கே அதில் மூன்றுதான் இருந்தது. ராசுவுக்கு ஐந்தையும் கொடுத்தேன். பின்கட்டில் முள்வேலியை அடைத்துவிட்டு, கழுத்துக் கயிற்றை அவிழ்த்து உலவ விட்டேன்.

ராசுவும் நன்றாகத்தான் தேறினான். எண்பத்தைந்தாம் நாள் நூற்று நாற்பத்திரண்டு கிலோ. அப்போதுதான் மாட்டுப் பொங்கல் வந்தது.

எங்கள் தெருவில் பதினான்கு வீடு. மாட்டைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, சாயந்தரம் தெருவில் ஓட்டி வந்தால் வீட்டுக்கு வீடு பொங்கலும் வாழைப்பழமும் பிசைந்து ஊட்டுவார்கள். ஒரு வீட்டில் வாங்கி ஒரு வீட்டில் வாங்காமல் போனால் அடுத்த பொங்கல் வரை பேச்சு வார்த்தை இருக்காது. ஆனால் சோறு அதிகமானால் மாட்டின் வயிறு புளித்து உப்பிக்கொள்ளும், உயிரே போகும் என்று பாடத்தில் இருக்கிறது. நான் என்ன செய்வேன்? ஒரு வீட்டுக்கு நூறு கிராம் என்று முடிவு செய்து, தராசோடு மாட்டின் பின்னால் போனேன்.

முதல் வீடு கன்னியம்மா அத்தை வீடு. அத்தை ஒரு தாம்பாளம் நிறையக் கொண்டுவந்தாள். நான் அதில் ஓர் உருண்டை எடுத்துத் தராசில் வைத்தேன்.

"இன்னாமே பண்ற?"

"நூறு கிராம் போதும் அத்த. மிச்சத்த எடுத்துக்கினு போய்டு."

"மாட்டுக்குன்னு எடுத்தத திருப்பி வூட்டுக்குள்ள எடுத்துக்கினு போவாங்களா? உங்க ஸ்கூல்ல இதத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா?"

நான் அசையவில்லை. அத்தை வீடு நூறு கிராம், பக்கத்து வீடு நூறு, அதற்கடுத்த வீடு தொண்ணூற்றைந்து என்று நடுத்தெருவில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டே போனேன். (அந்தப் பெண்ணை இன்று பார்த்தால் நானே இரண்டு அறை விடுவேன்.) பதினான்கு வீடும் முடிந்தபோது ராசுவின் வயிற்றில் ஒன்றரைக் கிலோ கூட இல்லை. அறிவியல் ஜெயித்துவிட்டது என்று தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

என் பின்னால் நடந்தது எனக்குத் தெரியாது. மாட்டுக்கென்று எடுத்த சோற்றை யாரும் திருப்பி எடுத்துப் போகவில்லை. பதினான்கு வீட்டு மிச்சத்தையும் அம்மாவிடம் கொடுத்திருக்கிறார்கள். அம்மா மறுக்க முடியாமல் எல்லாவற்றையும் ஒரு பெரிய அன்னக்கூடையில் போட்டு, காலையில் ஏரி மீனுக்குக் கொட்டலாம் என்று, முறத்தால் மூடிப் பின்கட்டில் வைத்துவிட்டாள்.

விடிந்து போய்ப் பார்த்தால் முறம் ஒரு பக்கம் கிடந்தது. அன்னக்கூடை கழுவிக் கவிழ்த்தது போல இருந்தது. ராசு கழுத்தை நீட்டி நின்றுகொண்டிருந்தான். அசை போடவில்லை. இடது பக்க வயிறு மத்தளம் போல உப்பியிருந்தது. தட்டிப் பார்த்தேன், சத்தமும் அப்படியே கேட்டது.

"மாடுன்னா கட்டிக் கெடக்கும்னு நெனச்சேன். அவுத்து வுட்டவ யாரு?" என்று அம்மா கத்தினாள்.

"கூடையை அங்க வெச்சது யாரு?" என்று நான் கத்தினேன். (இந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.)

டிப்ளமோ அந்த நிமிடம் நினைவுக்கு வரவில்லை. ராசு என்னைப் பார்த்த பார்வைதான் தாங்க முடியவில்லை. அன்று காணும் பொங்கல். கால்நடை டாக்டர் லீவில் சொந்த ஊரில் இருந்தார். போனில், "ஆப்ப சோடாவைத் தண்ணியில கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடுங்க. நடக்க வெச்சுக்கிட்டே இருங்க. படுக்க விட்டுடாதீங்க. பக்கத்து ஊர் டாக்டரை அனுப்பறேன்" என்றார். நைனா மூங்கில் குழாயில் சோடாத் தண்ணீரைப் புகட்டினார். நான் கயிற்றைப் பிடித்து ராசுவை நடத்தினேன். எங்கே? அதே தெருவில்தான். அதே பதினான்கு வீட்டு வாசல் வழியாகத்தான்.

ஒவ்வொரு வாசலிலும் விருந்துக்கு வந்த உறவுக்காரர்களோடு ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"எங்க வூட்டுது நூறு கிராம்தான். நீயே எழுதிக்கின" என்றாள் கன்னியம்மா அத்தை.

"எங்குளுது தொண்ணூத்தஞ்சு. நோட்ட எடுத்துப் பாரு" என்றது மூன்றாவது வீடு.

மாடு சாகக் கிடக்கிறது, இவர்களுக்குக் கிராம் கணக்கு! ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே நடந்தேன். நாலாவது சுற்றில் அவர்களும் பேச்சை விட்டுவிட்டுக் கூடவே நடந்தார்கள். ராசு மடங்கப் பார்க்கும்போதெல்லாம் பின்னால் நாலு பேர் தாங்கினார்கள். பதினோரு மணிக்குப் பக்கத்து ஊர் டாக்டர் வந்து குழாய் விட்டு, ஊசி போட்டு, இன்னும் நடக்கச் சொன்னார். மறுபடி நடந்தோம். கன்னியம்மா அத்தை வாசலில் போட்டிருந்த பெரிய கலர்க் கோலத்தின் நடுவில் ராசு நின்றான், வாலைத் தூக்கினான். அதற்குமேல் நான் எழுதவில்லை. தெருவே கைதட்டியது. எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியது அத்தைதான்.

இரண்டு நாள் கழித்துத் தேர்வாளர் வந்தார். டேப் வைத்தார். நூற்று முப்பத்தொன்று.

"நோட்டுல நூத்தி நாப்பத்திரண்டு இருக்கே. பதினோரு கிலோ எங்க போச்சு?"

நான் விடுவேனா? முதல் வயிற்றில் என்ன நடக்கிறது, மாவுச்சத்து எப்படிப் புளிக்கிறது, அமிலம் கூடினால் அங்கிருக்கும் நல்ல கிருமிகள் என்ன ஆகின்றன, ஏன் அசை போடுவது நிற்கிறது, சோடா ஏன் கொடுக்க வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். எங்கள் சாரே வாயைப் பிளந்தார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு தெரிஞ்சுமாம்மா?"

பின்னால் கன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நைனா சிரித்தார் பாருங்கள், அன்று ஆரம்பித்தது. இன்றும் எங்கள் வீட்டில் சாம்பாரில் உப்பு கூடினால், நான் பஸ்ஸைத் தவறவிட்டால், என் குழந்தைக்குச் சளி பிடித்தால், யாராவது ஒருவர் "இவ்வளவு தெரிஞ்சுமாம்மா?" என்பார்கள்.

வாய்மொழித் தேர்வில் முழு மதிப்பெண், பராமரிப்பில் தப்பித்தோம் பிழைத்தோம் என்று பாஸ். "கன்னுக்குட்டி நடக்குது இல்ல, போய்ப் படி" என்று நைனா டிப்ளமோவுக்கு அனுப்பினார். ஆனால் ராசு சந்தைக்குப் போகவில்லை. தை கடைசியில் வியாபாரி வந்து கயிற்றைப் பிடித்ததும் கன்னியம்மா அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"எங் கோலத்து மேல பேண்டுட்டுப் பொயச்ச மாடு இது. இத்த விக்கறதா? நாங்க எதுக்கு அத்தினி சுத்து சுத்தினோம்?"

பதினான்கு வீடும் அவள் பின்னால் நின்றது. வியாபாரி போய்விட்டார். இறைச்சிக்கான மாடு வளர்ப்பு என்று நான் நோட்டுப் போட்டு வளர்த்த மாடு, இறைச்சிக்கும் இல்லாமல் ஏருக்கும் இல்லாமல், ஏழு வருடமாகத் தெருவின் மாப்பிள்ளையாக உட்கார்ந்து தின்கிறது.

நான் இப்போது ஒரு பால் சங்கத்தில் தீவன ஆலோசகராக இருக்கிறேன். மாட்டுப் பொங்கலுக்கு முன்னால் மாகறல் வரைக்கும் ஊர் ஊராகப் போய், மாட்டுக்குச் சோற்றை அள்ளிப் போடாதீர்கள் என்று கூட்டம் போடுகிறேன். பயபக்தியோடு கேட்கிறார்கள். எங்கள் தெருவில் மட்டும் வாயைத் திறக்க முடிவதில்லை. மாட்டுப் பொங்கலன்று ராசுவை ஓட்டிக்கொண்டு போனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு தராசு வைத்திருக்கிறார்கள். தராசு இல்லாத வீடு பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொள்கிறது. என் கண் முன்னால் உருண்டையை வைத்து, முள் நிற்கும் வரை காத்திருந்து, "நல்லாப் பாத்துக்க, நூறு கிராம். எழுதிக்கினியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊட்டுகிறார்கள். ஊரே சிரிக்கிறது.

சிரிக்கட்டும். ஆனால் அந்த வருடத்திலிருந்து ஒரு வீடும் நூறு கிராமுக்கு மேல் போடுவதில்லை. எங்கள் தெருவில் ஒரு மாட்டுக்கும் வயிறு உப்பவில்லை. அதை ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்லட்டும், நான் கோபப்படுவதை விட்டுவிடுகிறேன்.