பூனை டிரஸ்ஸரும் முடி உருண்டையும்

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட மூன்றரை வருஷத்தில், எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பேட்டை முழுக்க எதற்குமே பயப்படாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். தலைக்கு மேலே விமானம் வந்தால் நாங்கள் பதுங்கு குழிக்குள் ஓடுவோம். அவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார். ஆனால் எங்கேயாவது ஒரு பூனை கழுத்தை நீட்டி, கக் கக் என்று இருமினால் போதும், சாப்பிடுகிற தட்டைத் தள்ளிவிட்டு ஓடி வந்துவிடுவார். அவரைப் பூனை டிரஸ்ஸர் என்போம்.

டிரஸ்ஸர் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு அடுத்தபடி அவர்தான். டாக்டர் எட்டிப் பார்க்காத தோட்டத்தில் எல்லாமே அவர்தான். இவர் பந்திங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் மனுஷர்களுக்கு மருந்து கொடுத்தவர். சண்டை வந்ததும் துரை ஓடிப்போனார், மருந்து அலமாரி காலியானது. இவர் ஒரு தகரப் பெட்டியோடு வந்து, எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்னறையில் குடியேறினார். பெண்டாட்டி பிள்ளை கிடையாது.

மனுஷனை விட்டுவிட்டு ஏன் பூனைக்கு மாறினீர்கள் என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். மலேரியாவுக்குக் கொய்னா வேண்டும், புண்ணுக்கு அயோடின் வேண்டும், இரண்டும் ஊரிலேயே இல்லை. பூனை வியாதியில் பாதிக்கு ஒரு சீப்பு போதும், அது என்னிடம் இருக்கிறது என்று பதில் சொன்னார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அந்த நாளில் பூனை செல்லப்பிராணி இல்லை, உத்தியோகஸ்தர். ரேஷனில் வாங்கிய அரிசியும் காயவைத்த மரவள்ளியும் எலிக்குப் போகாமல் இருக்க வேண்டுமானால் வீட்டுக்கு ஒரு பூனை வேண்டும். எங்கள் பூனையின் பெயர் லோரி, அதாவது லாரி. தடவிக் கொடுத்தால் எஞ்சின் மாதிரி உறுமும். பெட்ரோலே கிடைக்காத காலத்தில் எங்கள் வரிசையில் ஓடிய ஒரே லோரி அதுதான்.

ஒருநாள் காலை லோரி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வயிற்றை எக்கி எக்கி இருமியது. என் மாமியார் அது காசநோய் என்று தீர்மானித்து, எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். யாரும் கூப்பிடாமலே டிரஸ்ஸர் உள்ளே வந்தார். தரையில் குப்புறப் படுத்து, பூனை முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். கடைசியில் லோரி, சுருட்டு மாதிரி ஈரமாக ஒன்றைக் கக்கியது. டிரஸ்ஸர் அதை வாழையிலைத் துண்டில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு, மாமியாரிடம் நீட்டினார்.

"முடிம்மா. வெறும் முடி. எவ்ளோ அழகா வந்திருக்கு பாருங்க."

மாமியார் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

பிறகு டிரஸ்ஸர் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பாடம் நடத்தினார். பூனை நாக்கு தேங்காய்த் துருவி மாதிரி. நக்க நக்க உதிர்ந்த முடியெல்லாம் உள்ளே போகும். பாதி பின்வழியாகப் போய்விடும், மிச்சம் உருண்டு வாய்வழியாக வரும். எப்போதாவது வந்தால் பயமில்லை. வரவும் வராமல், தின்னவும் தின்னாமல், வயிறும் கல்லாகிவிட்டால் அப்புறம் சீப்பு உதவாது. ஆகவே உதிர்கிற முடியைப் பூனை விழுங்குவதற்கு முன்னால் நாம் எடுத்துவிட வேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீட்டிலும் சீப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. காலையில் ஒரு தடவை வாரி, ஈரத் துணியால் ஒரு துடைப்பு. மீனோடு ஒரு கரண்டி வேகவைத்த பூசணி. நாங்களே மரவள்ளியில் உயிர் வாழும்போது பூனைக்குப் பூசணியா என்று மாமியார் சண்டைக்குப் போனார். டிரஸ்ஸர் தன் பங்குப் பூசணியைக் கொண்டுவந்து லோரி தட்டில் வைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து மாமியாரே லோரிக்குப் பூசணி வேகவைத்தார்.

டிரஸ்ஸருக்குத் தன் சீப்பு மட்டும் போதவில்லை. என் பேன் சீப்பைப் பறிமுதல் செய்துகொண்டார். பல் நெருக்கமாக இருப்பதால் அடிமுடிக்கு அதுதான் தோதாம். விஷயம் தெரியாத என் கணவர் ஒருநாள் அதே சீப்பால் தலைவாரி ஆபீஸுக்குப் போய், சாயங்காலம்வரை தும்மினார். அவருக்குப் பூனை முடியே ஆகாது. லோரி கூடத்துக்கு வந்தால் இவர் சமையலறைக்குப் போவார்.

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோதுதான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு வரி கடிதம் வருவதில்லை. ரயில்வே கிளார்க்கான என் கணவர் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டதாக ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மாமியார் சண்டை போடுவதையே நிறுத்திவிட்டார். அப்படி ஒரு காலையில் இரண்டு சிப்பாய்கள் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். கூடவே துணிக்கடை ராவுத்தர். ஜப்பான் பாஷை கொஞ்சம் பழகியதால் அவரை மொழிபெயர்க்கப் பிடித்துவைத்திருந்தார்கள். நான் என் கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ராவுத்தர் மெதுவாகச் சொன்னார்: "இவரு இல்லம்மா. பூனைக்குப் பாக்குற டாக்டரு எங்க?"

மேட்டுப் பங்களாவில் ஜப்பான் அதிகாரி ஒருவர் இருந்தார். சயாம் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவரே அவர்தான். ஓடிப்போன வெள்ளைக்காரி விட்டுப்போன நீளமுடிப் பூனை ஒன்று அவர் மடிக்கு வந்து சேர்ந்திருந்தது. அது இரண்டு நாளாகத் தின்னவில்லையாம். பூனையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று டிரஸ்ஸர் என்னையும் அழைத்துக்கொண்டார்.

பங்களாவில் அதிகாரி இடுப்பில் வாளோடு நின்றிருந்தார். டிரஸ்ஸர் அவருக்குக் குனிந்து வணக்கம் சொல்ல மறந்து, நேரே பூனையிடம் போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முடியெல்லாம் திரித்திரியாகச் சிக்கு.

"சீப்பு போடத் தெரியாதவன் எதுக்குய்யா பூனை வளக்குறான்? கேளு."

ராவுத்தர் அதிகாரிக்குக் குனிந்து வணக்கம் வைத்தார். பிறகு ஜப்பான் பாஷையில் நெடுநேரம் ஏதோ சொன்னார். அதிகாரி சந்தோஷமாகத் தலையாட்டினார். பூனை ரொம்ப அழகு என்று டாக்டர் வியப்பதாகச் சொன்னேன் என்று ராவுத்தர் பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார்.

வயிறு இளக்கமாகத்தான் இருக்கிறது, காப்பாற்றலாம் என்றார் டிரஸ்ஸர். தகரப் பெட்டியிலிருந்து சண்டைக்கு முந்தின வாஸ்லின் டப்பாவை எடுத்து, பட்டாணி அளவு பூனையின் முன்காலில் தடவினார். அது வேண்டாவெறுப்பாக நக்கியது. பேன் சீப்பை அதிகாரி கையில் கொடுத்து, தரையில் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அதிகாரி உட்கார்ந்தார். மூன்று மணி நேரம், வாள் ஒரு பக்கம் இடிக்க, அவர் பூனைக்கு வாரிக்கொண்டிருந்தார். டிரஸ்ஸர் பக்கத்தில் நின்று, அழுத்தாதே, மெதுவாக என்று தமிழிலேயே கண்டித்துக்கொண்டிருந்தார். நான் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

பிற்பகலில் பூனை எழுந்தது, எக்கியது, இருமியது. அதிகாரியின் பளபளத்த பூட்ஸ் மேல் என் கட்டைவிரல் தடிமனுக்கு ஒன்றைக் கக்கியது. ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். பூனை உதட்டை நக்கிக்கொண்டு, டிரஸ்ஸர் பூசணியும் மீனும் கலந்து வைக்கச் சொல்லியிருந்த தட்டுக்கு நடந்தது.

அதிகாரி பூட்ஸைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், பிறகு டிரஸ்ஸருக்குத் தலை குனிந்தார்.

"என்ன வேணும்னு கேக்குறாரு," என்றார் ராவுத்தர். "அரிசி கேளுங்கய்யா. மூட்டையா கேளுங்க லா."

"அரிசி வேணாம்," என்றார் டிரஸ்ஸர். "இதுக்குத் தினம் ரெண்டு வேளை சீப்பு போடணும். கை பழகுன ஆளு வேணும். இந்தத் தங்கச்சி வீட்டுக்காரர் நான் பழக்கின ஆளு. அவரைச் சயாமுக்கு அனுப்புனா மறுபடி இதே கதைதான். இதை மட்டும் மாத்தாம சொல்லு."

ராவுத்தர் மாற்றாமல்தான் சொன்னார். அவர் நெற்றியில் துளிர்த்த வியர்வையிலிருந்து தெரிந்தது.

பட்டியலிலிருந்து என் கணவர் பெயர் அடிக்கப்பட்டது. அன்று சாயங்காலமே டிரஸ்ஸர் என் கணவரை லோரி முன்னால் உட்காரவைத்துச் சீப்புப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். சண்டை முடியும்வரை என் கணவர், மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, தினமும் இரண்டு வேளை மேட்டுப் பங்களாவுக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தார்.

டிரஸ்ஸருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் ஒருநாள் அழுதுவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "பூனைக்கு ஆள் தேவைப்பட்டுச்சு, தங்கச்சி. அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டு, லோரியின் காதைச் சோதிக்கப் போய்விட்டார்.

சண்டை முடிந்து தோட்டத்து ஆஸ்பத்திரி திறந்ததும், திரும்பி வரச் சொல்லி அவருக்கு ஆள் வந்தது. பந்திங் பஸ் ஏற்றிவிட நாங்கள் எல்லாரும் போனோம்.  அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கப் பூனை முடி. பஸ் கிளம்பும்வரை அதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்து முடித்தால் போய்விடுவாரோ என்று, கொஞ்சம் மெதுவாகத்தான் எடுத்தேன்.